பிரேக்குக்கு வைத்த பொட்டு

இது நடந்தது போன வருடம், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில். பாதி பாடாங் செராயில் எங்கள் வீட்டு முன்வாசலில் நடந்தது, மீதி சுங்கைப்பட்டாணிக்குப் போகும் சாலையோரம் தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஒரு நாசி லெமாக் கடையில் நடந்தது. இரண்டு இடத்திலும் குற்றவாளி நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, படிக்கிறவர்களுக்கும் குழப்பம் இருக்காது.

என் கணவர் கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். இருபத்தெட்டு வருட வேலை. ஐம்பது வயதைத் தாண்டினால் மனிதர்களுக்குச் சர்க்கரை வரும், இரத்தக் கொதிப்பு வரும். அவருக்கு மோட்டர் வந்தது. சாதாரண மோட்டர் இல்லை. ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே செய்த பெரிய மோட்டர் சைக்கிள். பக்கத்துக்கு ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, பாட்டுக் கேட்க ரேடியோ, பின்னால் உட்காருகிறவருக்கு சாய்ந்துகொள்ள நாற்காலி மாதிரி ஒரு இருக்கை. எடை முன்னூற்றைம்பது கிலோவுக்கு மேல். யாரோ பத்து வருடம் ஓட்டிவிட்டு விற்றதை வாங்கிக்கொண்டு வந்து, நான் துணி காயப்போடும் இடத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து எங்கள் துணிகள் வீட்டுக்குள் காற்றாடிக்குக் கீழே காய்ந்தன.

வாங்கிய வாரமே என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். போகும்போது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சிவப்பு விளக்கில் நிறுத்த வேண்டிய இடத்தில்தான் பிரச்சினை. கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய மோட்டர், கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் நடக்கும் இடத்தையும் தாண்டி, சாவகாசமாகப் போய் நின்றது. எதிரே கார் ஓட்டி வந்த காடிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"இது இன்னிக்கு நிக்கணும்னா நேத்தே பிரேக்க பிடிக்கணும் போலிருக்கு," என்றேன்.

"பழைய ரப்பர் குழாய் லா. உப்பிப் போச்சு. அதான் கைப்பிடிய அமுக்குனா பஞ்சு மாதிரி போகுது," என்றார் அவர்.

"அப்ப அத மாத்துங்க. மாத்துற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்."

உண்மையைச் சொன்னால், அவர் மாற்றமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்த நிபந்தனையைப் போட்டேன். பாகங்கள் கிடைக்காது, நேரம் இருக்காது, மோட்டர் அப்படியே நிற்கும், அலுத்துப்போய் ஒருநாள் விற்றுவிடுவார், என் துணிக்கயிறு பழைய இடத்துக்குத் திரும்பும் என்று கணக்குப் போட்டிருந்தேன். திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆன பிறகும் ஒரு பெண் தன் கணவரை எவ்வளவு தப்பாகக் கணக்குப் போடலாம் என்பதற்கு நானே உதாரணம்.

மறுமாதத்திலிருந்து பார்சல் வர ஆரம்பித்தது. எஃகு வலை போர்த்திய குழாய்கள், பழையதைவிடப் பெரிய கேலிப்பர் இரண்டு, பளபளவென்று புதுத் தட்டுகள் இரண்டு, பேட்கள். தட்டு என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது. பேட் என்றால் கேலிப்பருக்குள் இருந்து இரண்டு பக்கமும் அந்தத் தட்டைக் கவ்விப் பிடிப்பது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று மாதம் சாப்பாட்டு மேசையில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஒருநாள் நான் மீன் குழம்பைப் பரிமாற, அவர் புதுத் தட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்து எனக்குக் காட்டினார். மனிதர்கள் பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டுவது போல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

எல்லாவற்றையும் தானே மாட்டினார். பட்டறையில் கொடுக்கலாமே என்றதற்கு, "நீ பின்னால உக்காரப் போறே. இன்னொருத்தன் முறுக்குன போல்ட்ட நம்பி நான் உன்னை ஏத்த மாட்டேன்," என்றார். அப்போது எனக்கு அது கொஞ்சம் இனித்தது. பிறகு அதுதான் கசந்தது.

கடைசி வேலை, பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பிரேக் கைப்பிடியை அமுக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவர் கீழே ஒரு சின்ன மூடியைத் திறந்து மூட வேண்டும். அன்று சனிக்கிழமை, பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆலையில் கூட வேலை செய்யும் மலாய் நண்பர் போனில் கூப்பிட்டு, உதவிக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீன் கடையே கேட்கும்படி, "பெத்தாங் நி பினி சாயா தோலோங் புவாங் ஆங்கின்," என்றார். பட்டறைப் பேச்சில் அதற்கு, மாலையில் என் மனைவி காற்று எடுக்க உதவுவாள் என்று அர்த்தம். பட்டறை தெரியாதவர்களுக்கு அந்தக் காற்று வயிற்றுக் காற்று. மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அன்று கெம்போங் மீனோடு இஞ்சியும் வாங்கியிருந்தேன். அவர் அந்த இஞ்சியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் வேறு கடையில் மீன் வாங்கினேன்.

மாலையில் நான் மோட்டரின் மேல் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, அவர் கீழே படுத்துக்கொண்டு "பிடி" என்பார், பிடிப்பேன். "விடு" என்பார், விடுவேன். ஒரு மணி நேரம் இதே. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. முடிந்ததும் கைப்பிடி கல் மாதிரி இறுகி நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் தாமான் குடியிருப்புக்குள்ளேயே மெதுவாக இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். "புது பேட். போகப் போகத்தான் நல்லா மாக்கான்," என்றார். பிரேக் நன்றாகக் கவ்வுவதை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சோறு சாப்பிடுவதும் மாக்கான், பிரேக் பிடிப்பதும் மாக்கான்.

இனி என் திருப்பணிக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை அன்று ஆலையில் பெரிய பூஜை நடக்கும். இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அவர் காலையிலேயே போய்விட்டார். வீட்டில் நான் தையல் மிசினுக்கு வைத்தேன், மாவரைக்கும் மிசினுக்கு வைத்தேன், ஐஸ்பெட்டிக்கு வைத்தேன். மோட்டருக்கு மட்டும் வைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. முன்பு ஒரு சின்ன மோட்டர் வைத்திருந்தபோது, நான் வைத்த குங்குமம் வெயிலில் காய்ந்து சாயத்தில் ஏறிவிட்டது, அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜித்ராவுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே என் நாத்தனார், அதாவது அவருடைய அக்காள், புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். நூறு கிலோமீட்டர் தூரம் முதல் தடவை அந்த ராட்சசனின் முதுகில் உட்கார்ந்து போகப் போகிறேன். மாவு மிசினுக்குப் பொட்டு உண்டு, உயிரைச் சுமக்கிற வண்டிக்குக் கிடையாது என்றால் அது எந்த ஊர் நியாயம். அவருக்குத் தெரியாமல் வைத்து, அவர் வருவதற்குள் துடைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். சாமி பார்த்தால் போதும், புருஷன் பார்க்க வேண்டியதில்லை.

விளக்குக்கு வைத்தேன், கண்ணாடிக்கு வைத்தேன். பிறகு யோசித்தேன். நம் உயிரைக் காப்பாற்றப் போவது விளக்கா, கண்ணாடியா? அந்தப் பிரேக்தானே. மூன்று மாதம் மனிதர் உயிரைக் கொடுத்து மாட்டினது அது. எனவே முக்கியமான பொட்டு அங்கேதான் போக வேண்டும் என்று முன்சக்கரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். தட்டு வழுவழுவென்று இருந்தது. காய்ந்த குங்குமம் ஒட்டவில்லை. உள்ளே போய் நல்லெண்ணெயை எடுத்து வந்து, குங்குமத்தைக் குழைத்து, இரண்டு தட்டிலும் சுற்றிச் சுற்றி மூன்று மூன்று பொட்டாக வைத்தேன். சூடம் காட்டினேன். எலுமிச்சை சுற்றினேன். ஜித்ரா போய்ப் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று மனதாரக் கும்பிட்டேன்.

பூஜை முடிந்ததும் தடயத்தை அழிக்கும் வேலை. தண்ணீர் வைத்துத் துடைத்தால் குங்குமம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பழைய கறை கற்றுக்கொடுத்த பாடம். அதனால் குத்துவிளக்கு துடைக்கிற எண்ணெய்த் துணியை எடுத்து வந்தேன். பித்தளை விளக்கையே தங்கமாக்குகிற துணி அது. இரண்டு தட்டையும் உள்பக்கம் வெளிப்பக்கம் விடாமல் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். பின்சக்கரத்துக்கும் செய்திருப்பேன். ஆனால் அங்கே பெட்டியும் புகைக்குழாயும் மறைத்துக்கொண்டிருந்ததால் தரையோடு தரையாகக் குனிய வேண்டும், என் மூட்டுவலி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மூட்டுவலிக்கு நான் இன்றுவரை மருந்து போட்டதில்லை, மரியாதைக்காக.

மாலையில் வந்தவர் மோட்டரைப் பார்த்துவிட்டு, "ஏய், தட்டப் பாரேன், எப்படி மின்னுது," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தேநீர் கலக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். நான் பட்டுப்புடவை, தலையில் பூ, பூவின் மேல் ஹெல்மெட். பின்பெட்டியில் நாத்தனாருக்கு வெள்ளித் தட்டு. தாமான் வாசலில் நிறுத்தும்போதே மோட்டர் கொஞ்சம் கூடத்தான் போனது. "பேட் இன்னும் உக்காரல," என்றார். பெரிய சாலையில் ஏறும் இடத்திலும் அதேதான். கைப்பிடியை அமுக்கிப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தது. சரி, பத்து கிலோமீட்டர் போனால் சரியாகிவிடும் என்று மெதுவாகவே ஓட்டினார். ரேடியோவில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, துணிக்கயிற்றை மறந்து, இந்த மோட்டரும் பரவாயில்லை என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

சாலை கொஞ்சம் சரிவாக இறங்கும் இடத்தில், முன்னால் போன செம்பனைக் குலை லாரி திடீரென்று நின்றது. இவர் முன்பிரேக்கைப் பிடித்தார். மோட்டருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. முன்சக்கரத்திலிருந்து "கிரீச்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. குலைகளில் இருந்த முட்களைக்கூட என்னால் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. அவர் பின்பிரேக்கைக் காலால் மிதித்து, கியரைக் குறைத்து, இடது பக்கம் வளைத்தார். மோட்டர் சாலையை விட்டு இறங்கி, சரளைக் கல்லில் வாலை ஆட்டிக்கொண்டே போனது. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மூன்று நாளைக்கு முன்னால் சூடம் காட்டியதை ஞாபகப்படுத்தியும் கூப்பிட்டேன்.

எதிரே தகரக் கூரை போட்ட ஒரு நாசி லெமாக் கடை. மூன்று பேர் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மூவரும் தேநீர்க் குவளையோடு எழுந்து, ஒரு துளி சிந்தாமல், பக்கவாட்டில் நகர்ந்தார்கள். மோட்டர் அவர்கள் விட்ட இடத்துக்குள் நுழைந்து, கூரைக்குக் கீழே வந்து, பொட்டலங்கள் அடுக்கியிருந்த மேசைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

கடைக்கார அம்மாள் கொஞ்சங்கூட அசையவில்லை. கையில் வாழையிலையோடு எங்களைப் பார்த்து, "பூங்குஸ் கெ, மாக்கான் சினி?" என்றார். கட்டித் தரவா, இங்கேயே சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்.

என் கணவர் இன்னும் கைப்பிடியை விடவில்லை. மிகவும் சிரமப்பட்டு, "பிரேக் தாக் மாக்கான், மக்சிக்," என்றார். பிரேக் பிடிக்கவில்லை அம்மா என்று சொல்லவந்தார்.

அந்த அம்மாள் மோட்டரை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்தார். பிரேக் சாப்பிடாவிட்டால் போகட்டும், நீ முதலில் சாப்பிடு தம்பி, முகம் வெளுத்துப்போய் இருக்கிறது என்று மலாயில் சொல்லி இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தார். அந்த மூன்று பேரும் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பட்டுப்புடவையோடு, ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல், ஒரு பொட்டலம் முழுக்கச் சாப்பிட்டேன். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜித்ரா போகவில்லை. ஆலை நண்பர் லாரி கொண்டு வந்து மோட்டரை ஏற்றி வீட்டில் இறக்கினார். நாத்தனாருக்கு நான்தான் போன் செய்தேன். "வயித்துப்போக்கு அண்ணி, ரெண்டு பேருக்கும்," என்றேன். "வீட்டுக்குக் குடிபோற நாளன்னிக்கா உங்களுக்கு வயிறு போகணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தப் பொய்யை அவர் நம்பவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கேலிப்பரைக் கழற்றினார். பேட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். "தொட்டுப் பாரு. பிசுபிசுன்னு இருக்கு. பிரேக் எண்ணெய் கசிஞ்சிருக்கு. நான் முறுக்குனதுல எங்கியோ கோளாறு."

வாங்கினேன். மூக்குக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை, அதுவே வந்தது வாசம். நல்லெண்ணெய். அதற்குள் கொஞ்சம் சூடப் புகை. எங்கள் பூஜை அறையே அந்தப் பேட்டில் இருந்தது. அவருக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் ஆலை நாற்றத்தில் நின்றவருடைய மூக்கு எப்போதோ ஓய்வெடுத்துக்கொண்டது. வீட்டில் பருப்பு அடிப்பிடித்தால்கூட நான் சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வெட்கம் பிடித்து இழுத்துவிட்டது. சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாக் குழாயையும் கழற்றினார். கசிவு இல்லை. மேலே டப்பாவில் எண்ணெய் அளவும் குறையவில்லை. மறுபடி மாட்டி, மறுபடி என்னைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். "பிடி." பிடித்தேன். "விடு." விட்டேன். போன தடவை அந்த வார்த்தைகளில் ஒரு குஷி இருந்தது. இந்தத் தடவை அவர் குரல் சோர்ந்திருந்தது. இரண்டு மூன்று தடவை "விடு" என்று சொல்லவே மறந்து, கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சா திருத்திடலாம்," என்றார். "எங்க பண்ணேன்னே தெரியல. அதான் பயமா இருக்கு. உன்னை வேற பின்னால வச்சிக்கிட்டு."

அன்றும் நான் சொல்லவில்லை. புதன்கிழமை அவர் மோட்டரை விற்றுவிடப்போவதாகச் சொன்னார். சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒருவர் சனிக்கிழமை பார்க்க வருகிறாராம். இங்கேதான் என்னுடைய உண்மையான குணம் வெளியே வந்தது. திங்கட்கிழமை நான் வாயை மூடியது வெட்கத்தால். புதன்கிழமை மூடியது துணிக்கயிற்றுக்காக. இன்னும் மூன்று நாள் பேசாமல் இருந்தால் போதும், மோட்டர் தானாகப் போய்விடும், யாரிடமும் கெட்ட பெயர் எடுக்க வேண்டியதில்லை. கயிறு எந்தத் தூணிலிருந்து எந்தத் தூணுக்குக் கட்டலாம் என்றுகூடப் பார்த்து வைத்தேன். பரிகாரமாக அன்று அவருக்குப் பிடித்த நண்டு வாங்கிச் சமைத்தேன். மனிதர் நண்டை உடைக்காமலே தட்டில் ஒதுக்கி வைத்தார்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். ஆலையில் ஒரு பெரிய வால்வு மாட்டியிருக்கிறார். மாட்டி முடித்ததும், பக்கத்தில் இருந்த ஃபிட்டரைக் கூப்பிட்டு, சரியாக முறுக்கியிருக்கிறேனா, நீ ஒரு தடவை பார் என்று சொல்லியிருக்கிறார். "அவன் சிரிக்கிறான். அண்ணே, நீங்க மாட்டுனத நான் பாக்கறதாங்கிறான்," என்று சொல்லி இவரும் சிரித்தார். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டுப் பின்கட்டில் போய்ப் பாத்திரம் துலக்கினேன். அப்படியும் சொல்லவில்லை. எவ்வளவு அழுத்தக்காரி என்று எனக்கே என் மேல் ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் அந்த ஆள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தன்மையான ஆள், "அண்ணே, அண்ணே" என்று மோட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்றேன். மோட்டரை நன்றாகப் பார்த்துவிட்டு அவர், "பிரேக்கெல்லாம் புதுசா இருக்கே அண்ணே. எங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

என் கணவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு பட்டறைப் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இது: "நான்தான் மாட்டுனேன் தம்பி. சாமானெல்லாம் நல்ல சாமான். ஆனா நான் மாட்டுனது சரியா வரல. போன வாரம் பிடிக்கல. நீ எடுத்தேன்னா, நேரா ஒரு நல்ல கையா பாத்துக் குடுத்து முழுசா கழட்டி மாட்டிக்க. அதுவரைக்கும் யாரையும் பின்னால ஏத்தாத."

அந்த "நல்ல கையா பாத்து" என்ற சொல்லில்தான் நான் உடைந்துபோனேன். தேநீர்த் தட்டை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய், பூஜை அறையிலிருந்து அந்த எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவரிடம் நீட்டினேன்.

"இதாலதான் தொடச்சேன்," என்றேன். "ஆயுத பூஜ அன்னிக்கு. ரெண்டு தட்டுலயும் பொட்டு வச்சு, நல்லெண்ணெயில குழைச்சு வச்சு, அப்புறம் இதால தொடச்சேன். உங்க மேல தப்பு இல்ல."

 வாங்க வந்தவர் துணியைப் பார்த்தார், பிரேக் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா," என்றார் மெதுவாக, "பின்னாலயும் வச்சீங்களா?"

"இல்ல தம்பி. மூட்டுவலி. குனிய முடியல."

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. கத்துவார், துணியைத் தூக்கி எறிவார், ஆறு நாளாய் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று எதிர்பார்த்து நின்றேன். இருபத்தைந்து வருடத்தில் வாங்காததை எல்லாம் சேர்த்து வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அவர் துணியை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு," என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. வந்தவரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த முகத்தில் கோபத்துக்கு இடமே இல்லை, அவ்வளவு நிம்மதி இருந்தது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வந்தவர், "அண்ணே, இனி இத நீங்க விக்க மாட்டீங்க. நான் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புறேன்," என்று தானே குவளையை எடுத்துக்கொண்டார். போகும்போது, தன் மனைவிக்கு இந்தக் கதையைச் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

என் கணவர் என்னைத் திட்டினார், இல்லை என்று சொல்லவில்லை. அது இரண்டு நாள் கழித்து, நிதானமாக, தவணை முறையில் வந்தது. தட்டைக் கழுவிச் சுத்தம் செய்து, புது பேட் வாங்கி மாட்டி, மூன்றாவது தடவையாக என்னைக் கைப்பிடியில் உட்கார வைத்தார். அடுத்த மாதம் ஜித்ரா போய், வெள்ளித் தட்டைக் கொடுத்து, நாத்தனாரிடம் வயிற்றைப் பற்றி விசாரணையும் வாங்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் பிரேக் இரண்டு விரலுக்கே கட்டுப்பட்டது. இந்த வருட ஆயுத பூஜைக்கு நம்பர் தகட்டில் மட்டும் ஒரு பொட்டு, காய்ந்த சந்தனம், அதுவும் அவர் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தேன். துணி இன்னும் காற்றாடிக்குக் கீழேதான் காய்கிறது.

ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் எண்ணெய்க்காகச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். எண்ணெய் வைத்தது அறியாமல் செய்தது, தட்டைக் கழுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அறிந்து செய்தது அந்த ஆறு நாள் மௌனம்தான். முன்பெல்லாம் ஒரு போல்ட்டை முறுக்கினால் அடுத்ததுக்குப் போய்விடுவார். இப்போது முறுக்கி முடித்த பிறகும் திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறார், அவர் அப்படித் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், அந்தக் கையில் சந்தேகத்தை வைத்தது நான்தானே என்று எனக்கு உள்ளே சுருக்கென்கிறது.